கடுகு சாஸ் கெட்டுப்போச்சுங்க

இருபத்தெட்டு ஆண்டுகள் ஓட்டல் அடுப்படியில் நின்று ஓய்வு பெற்றவன், சென்ற மாதம் என் சொந்த வீட்டில், சொந்தச் சட்டியில், நான்கு துண்டு கறியைக் கரியாக்கினேன். எழுத்துப்பிழை இல்லை. வல்லின றகரத்தில் அடுப்பேறியது இடையின ரகரத்தில் இறங்கியது, அவ்வளவுதான்.

புகை ஜன்னல் வழியாக வெளியேறி மாடிவீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மாடிவீட்டுக்காரர் கையில் தண்ணீர் வாளியோடு படியிறங்கி வந்து, மிகுந்த மரியாதையுடன் கதவைத் தட்டினார். "ஏனுங்க, உள்ள ஒயரு கியரு எரியுதுங்களா?"

என் மனைவி வெளியே போயிருந்தவள், அந்த நேரம் பார்த்துத்தான் திரும்பி வந்தாள். வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "என்னாச்சுங்க?"

"கருகிப்போச்சு."

"இதுக்குத்தான் அத்தனை வருசம் தலையில வெள்ளைக் குல்லாய் வெச்சு உட்டாங்களா?"

சட்டி காயும்வரை சும்மா நிற்பானேன் என்று ஒரு புத்தகத்தைப் பிரித்திருந்தேன். நல்ல புத்தகம். படிக்கிற பழக்கம் உள்ள சமையல்காரன் ஆபத்தானவன் என்பதை உங்கள் முதல் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அன்று அடுப்பைப் பற்றவைத்ததே உங்களுக்காகத்தான். இந்த ஆண்டு கேட்டரிங் படிப்பை முடித்து ஓட்டல்களில் வேலைக்குச் சேரும் உங்களுக்கு ஒரு சிறு தொகுப்பு போடுகிறார்கள். அதற்கு என்னிடம் கேட்டது ஒரே ஒரு பக்கம்: ‘வீட்டிலேயே ஸ்டேக், கிரீமும் கடுகும் சேர்த்த சாஸுடன்’. எங்கள் ஓட்டலின் மாடி ரெஸ்டாரண்டில் பதினோரு ஆண்டுகள் நான் போட்டுப் பெயர் வாங்கிய பண்டம் அது. கோயமுத்தூரில் நாலு பேருக்கு என் பெயர் தெரியும் என்றால் அந்த நாலு பேரும் அந்தச் சாஸைத் தொட்டுத்தான் தெரிந்துகொண்டவர்கள்.

செய்முறை பெரிய ரகசியமில்லை. கறியைக் குளிர்பெட்டியிலிருந்து முன்கூட்டியே எடுத்து வையுங்கள். ஈரம் போகத் துடையுங்கள். கனமான சட்டி நன்றாகக் காயவேண்டும். கறியைப் போட்டபின் அதைக் குத்தி, புரட்டி, நலம் விசாரித்துக்கொண்டிருக்காமல் விட்டுவிடுங்கள். இறக்கியபின் ஐந்து நிமிடம் ஆறட்டும். அதே சட்டியில் வெங்காயம், கொஞ்சம் எலும்புச் சாறு, கிரீம். அடுப்பை அணைத்தபிறகு கடுகு. இதில் கடைசி வாக்கியம் மட்டும் என்னுடையது இல்லை. யாருடையது என்பதை எழுதாமல் மற்றதை மட்டும் எழுதி அனுப்பிவிடத்தான் முதலில் உட்கார்ந்தேன். ஆனால் ‘கருகிப்போச்சு’ என்று மனைவியிடம் சொன்ன அந்தச் சொல் எழுதவிடவில்லை.

நம் அடுப்படிகளின் இலக்கணத்தைக் கவனித்திருக்கிறீர்களா? பால் திரிஞ்சுபோச்சு. சாதம் குழைஞ்சுபோச்சு. தட்டு உடைஞ்சுபோச்சு. கறி கருகிப்போச்சு. எல்லாம் தானாகவே நடக்கின்றன. பொருள்கள் தங்கள் முன்வினைப்படி கெட்டுப்போகின்றன. நாம் பக்கத்தில் நின்று அனுதாபப்படுகிறோம். கூடவே நம் ஊர் ‘ங்க’ ஒன்றைச் சேர்த்துவிட்டால் போதும், செய்தவன் நின்ற இடமே தெரியாது. ‘கெட்டுப்போச்சுங்க’ என்று ஒருவன் பணிவாகச் சொல்லும்போது அவனைத் திட்டத் தோன்றுமா? ஆறுதல் சொல்லத்தான் தோன்றும்.

இதே கொங்குத் தமிழில் இன்னொரு சொல்லும் இருக்கிறது. கெடுத்துப்போட்டேனுங்க. கருக்கிப்போட்டேனுங்க. அந்தப் ‘போட்டேன்’ வந்துவிட்டால் ஒளிய இடமில்லை. பாத்திரம் கழுவுகிற பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: "கிளாஸ ஒடச்சுப்போட்டேனுங்க சார்." அவர்களுக்கு மேலே, குல்லாயின் உயரம் கூடக் கூட, அந்தச் சொல் அரிதாகிக்கொண்டே போகும். தலைமைச் செஃப் வாயிலிருந்து நான் ஒருமுறையும் கேட்டதில்லை. நானே பிறகு தலைமைச் செஃப் ஆனேன். அப்போதும் கேட்கவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் ஓட்டலின் மொட்டைமாடியில் புதிய ரெஸ்டாரண்ட் ஒன்று திறப்பதாக இருந்தார்கள். அதன் அடுப்படிக்குத் தலைமை யார் என்பதற்கு இரண்டு பெயர்கள் பேச்சில் இருந்தன. ஒன்று ஸ்டெல்லா. மற்றது நான். ஸ்டெல்லா சாஸ் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது ஆண்டு அனுபவம். காரமடைப் பக்கம், தோட்ட வேலைக்குப் போன பெற்றோருக்குப் பிறந்தவர், அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. எங்கள் ஓட்டலில் அதுவரை எந்த அடுப்படிக்கும் பெண் தலைமை வந்ததில்லை. நான் அவரைவிட மூத்தவன். ஆனால் அவருடைய நாக்கு என்னுடையதைவிடக் கூர்மையானது என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்ததை வைத்துக்கொண்டு நான் செய்தது என்னவென்றால், அவருக்கு நிறையப் புத்திமதி சொன்னேன்.

அந்தச் சமயத்தில் பம்புசெட் தயாரிக்கும் ஒரு முதலாளி வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்கள் நான்கு பேர் வருகிறார்கள், வீட்டிலேயே விருந்து, ஓட்டலிலிருந்து ஆட்கள் வந்து சமைக்கவேண்டும். முதலாளியின் மனைவி என்னிடம் தொலைபேசியில் பேசினார்.

"அவிங்க ஊரு ஸ்டேக்கு மாதிரியே இருக்கோணுமுங்க. ஆனா மாடு நம்மூட்டுல ஆவாதுங்க. ஆட்டுலயே பண்ணிருங்க."

ஆட்டின் முதுகெலும்பை ஒட்டிய கறியில் பண்ணலாம் என்றேன்.

"எந்தக் கறியோ, பாத்துப் பண்ணுங்க. எம்பொண்ணு மெனு கார்டுல கடுகு சாஸுன்னு அழகா எழுதி வெச்சுட்டா."

சாமான் பட்டியலை நான்தான் எழுதினேன். தமிழில் எழுதுவேன் என்ற வீம்பு எனக்கு உண்டு. மற்றவர்கள் ஆங்கிலத்தில் கிறுக்கும்போது நான் ‘கிரீம், வெண்ணெய், சிறு வெங்காயம்’ என்று முத்து முத்தாக எழுதுவேன். அன்று சாஸுக்கான கடுகு பேஸ்ட், கண்ணாடி பாட்டிலில் வருமே, அதைத்தான் நினைத்துக்கொண்டு ‘கடுகு – 1’ என்று எழுதினேன். ஸ்டோர்க்காரர் தமிழர். ‘கடுகு – 1’ என்று படித்தார். ஒரு பாக்கெட் தாளிக்கிற கடுகை எடுத்துப் பெட்டியில் வைத்தார். பெட்டியைச் சரிபார்த்தவனும் நான்தான். கடுகு இருக்கிறதா? இருக்கிறது. டிக் போட்டேன்.

அந்த வீட்டில் இரண்டு சமையலறைகள் இருந்தன. விருந்தாளிகளுக்குக் காட்டுவதற்கு ஒன்று, சமைப்பதற்குப் பின்னால் ஒன்று. பின்னால் இருந்ததில் நாங்கள் இருவரும் பெட்டியைப் பிரித்தோம். ஸ்டெல்லா கடுகு பாக்கெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, வெள்ளைக்காரங்களுக்குச் சாஸத் தாளிச்சுக் கொட்டப் போறமுங்களா?"

விருந்தாளிகள் மேஜைக்கு வர முக்கால் மணி நேரம்தான் இருந்தது. ஓட்டலுக்கு ஆள் அனுப்பி பாட்டில் கொண்டுவர, அவினாசி ரோடு அன்று இருந்த நிலையில், போகவே அவ்வளவு நேரம் ஆகும்.

"அரைச்சுக்கலாம்," என்றேன்.

"இப்ப அரைச்சா இப்பக் கசக்குமுங்கண்ணா. பச்சத் தண்ணியில, வினிகர்ல ஊறோணும். மாங்காய் ஊறுகாய்க்கு எங்கம்மா கடுக அரைச்சுப் போட்டா மூணு நாளைக்கு யாரையும் தொடவே உடமாட்டாங்க. அப்பறந்தான் கசப்பு அடங்கும்."

"நமக்கு மூணு நாள் இல்ல அம்மணி."

"அதுக்குத்தானுங்க சொல்றேன். மிளகு சாஸ் போட்டரலாம். அந்த அக்காகிட்ட ஒரு வார்த்தை சொன்னாச் செரிம்பாங்க. நல்ல மனுசிதான்."

இந்த இடத்தில் உங்களை நிறுத்துகிறேன். அடுப்படியில் நெருக்கடி என்றால் தீ, கூச்சல், ஓட்டம் என்று நினைப்பீர்கள். நான் பார்த்த நெருக்கடிகளில் பெரும்பாலானவை சத்தமில்லாதவை. வலது பக்கம் ஒரு கதவு. அதைத் திறந்து அந்த அம்மாவிடம் ‘மறந்துபோட்டேனுங்க’ என்று ஒரே ஒரு சொல் சொல்லவேண்டும். இடது பக்கம் ஒரு மிக்ஸி. நான் மிக்ஸியைத் தேர்ந்தெடுத்தேன்.

சீக்கிரம் மசியட்டும் என்று வெந்நீர் ஊற்றப் போனேன்.

"வெந்நி ஊத்தாதீங்கண்ணா! இன்னும் எச்சாக் கசந்துபோகும்."

அப்போது நான் ஒரு வாக்கியம் சொன்னேன். அதற்கு முன்னும் பின்னும் நான் எத்தனையோ அசட்டு வாக்கியங்கள் சொல்லியிருக்கிறேன். இது அவற்றின் தலைவர்.

"ஸ்டெல்லா," என்றேன், "இது ஊறுகாய் இல்ல."

நான் அரைத்தேன். கிரீமில் கலந்து கொதிக்கவும் விட்டேன். நக்கிப் பார்த்தேன். வேப்பங்கொழுந்தை வெண்ணெயில் வதக்கியதுபோல் இருந்தது. சர்க்கரை போட்டேன். எலுமிச்சை பிழிந்தேன். இன்னும் கிரீம் ஊற்றினேன். உப்பு கூடினால் கிரீம் காப்பாற்றும், காரம் கூடினால் காப்பாற்றும். கசப்பு மட்டும் கிரீமைப் போர்த்திக்கொண்டு வசதியாக உட்கார்ந்துகொள்ளும். நம் வீடுகளில் கடுகை எண்ணெயில் வெடிக்கவிட்டே பழகியவன் நான். வெடித்த கடுகு கசப்பதில்லை என்பதால் கடுகே கசக்காது என்று நம்பியிருந்தேன்.

ஸ்டெல்லா பக்கத்து அடுப்பில் ஒரு சின்னச் சட்டியை வைத்திருந்தார். உரலில் மிளகு இடித்து வைத்திருந்தார். எப்போது இடித்தார் என்று தெரியாது.

"அதைக் கொட்டிரலாமுங்கண்ணா. ஆறு நிமிசத்துல இதை நான் பண்ணித்தாரேன்."

கெட்டுப்போனதைச் சரிசெய்துகொண்டே இருக்காதீர்கள், கொட்டுங்கள். இதை நீங்கள் சுவரில் எழுதி ஒட்டிக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் கொட்டவில்லை. கறி அருமையாக வந்திருந்தது, அதை ஒப்புக்கொள்ளவேண்டும். அதன்மேல் அந்தச் சாஸை என் கையால் ஊற்றி அனுப்பினேன்.

முதலாளியின் மனைவி உள்ளே வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. "நல்லா இருக்குதுங்க," என்றார். இன்னொரு துண்டு வைக்கட்டுமா என்று கேட்டேன். "போதுங்க."

வெளியூரிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கப்போகிறவர்கள் கவனிக்கவும். கோயமுத்தூரில் ‘நல்லா இருக்குதுங்க’ என்றால் சமைத்தவர் மனது புண்படக்கூடாது என்று பொருள். சாப்பாடு உண்மையிலேயே நன்றாக இருந்தால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், ‘இன்னுங் கொஞ்சம் வையுங்க’ என்பார்கள். ‘நல்லா இருக்குதுங்க’வுக்கு அடுத்ததாகவே ‘போதுங்க’ வந்தால் பெட்டியைக் கட்டத் தொடங்கலாம். தட்டுகள் திரும்பி வந்தன. வெளிநாட்டுக்காரர்கள் நான்கு பேரும் சாஸைக் கத்தியால் வழித்து ஓரத்தில் ஒதுக்கியிருந்தார்கள், மிக ஒழுங்காக.

மறுநாள் முற்பகல் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவர் அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி உண்டு. அதற்குள் ஒரே ஒரு தங்கமீன்.

"அவங்க போன் பண்ணாங்க," என்றார் மேனேஜர். "எல்லாம் நல்லா இருந்துதாம். சாஸ் மட்டும் ஒரு மாதிரி ஆயிருச்சாம். மூணு தடவை ‘ஒரு மாதிரி’ன்னு சொன்னாங்க. என்ன ஆச்சு?"

என்ன ஆச்சு என்றுதான் கேட்டார். யார் செய்தது என்று கேட்கவில்லை. அவரும் இந்த ஊர்க்காரர்.

"சாஸ் கெட்டுப்போச்சுங்க சார்," என்றேன்.

"எப்படி?"

நான் யோசிப்பதற்குள் ஸ்டெல்லா பேசினார். "கடுகு அப்பத்தான் அரைச்சதுங்க சார். ஊறலைங்க."

அரைச்சது. அரைத்தவன் பக்கத்தில் நிற்கிறான். அவன் பெயரைச் சொல்லாமல், சொல்கிற வாய்ப்பை அவனுக்கே விட்டுவைத்து, அவ்வளவு மரியாதையாக ஒரு வாக்கியம். மேனேஜர் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சாஸ் யாரு செக்‌ஷன்?"

"ஸ்டெல்லா செக்‌ஷனுங்க சார்."

அந்தப் பதிலில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சாஸ் பிரிவு ஸ்டெல்லாவுடையதுதான். யாரும் எந்த ஆவணத்தையும் எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். பொய் சொல்லாமலேயே பொய்யின் வேலையை முடிக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நிறையப் படித்திருந்தும் தெரியாது.

நான் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே என்பது எனக்குச் சென்ற மாதம்தான் தெரிந்தது. மேனேஜர், "செரி, போங்க," என்றார்.

அடுத்த வாரம் மாடி ரெஸ்டாரண்ட் எனக்கு வந்தது. ஸ்டெல்லாவை ஊழியர் கேன்டீனுக்கு மாற்றினார்கள். ஒரு வருடம் எங்களுக்கு ரசமும் பொரியலும் போட்டார். ஊழியர்கள் அந்த ஒரு வருடம்தான் ருசியாகச் சாப்பிட்டார்கள். பிறகு வேலையை விட்டார். கடைசி நாள் மாடிக்கு ஏறி வந்து, வாசலில் நின்றபடியே, "வாரேனுங்கண்ணா," என்றார். நம் ஊரில் போகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். திரும்பி வருகிறவர்களும் வராதவர்களும்.

இந்தக் கதையின் அசிங்கமான பகுதி இனிமேல்தான். ரெஸ்டாரண்ட் திறந்து இரண்டு மாதத்தில் நான் உள்ளூர்க் கடுகை வாங்கினேன். பச்சைத் தண்ணீரிலும் வினிகரிலும் ஊறவைத்து அரைத்து, மூன்று நாள் யாரையும் தொடவிடாமல் மூடி வைத்தேன். அடுப்பை அணைத்தபிறகு கிரீமில் கலந்தேன். பாட்டிலில் வரும் எந்தப் பேஸ்ட்டும் அதன் பக்கத்தில் நிற்கவில்லை. ‘ஊர்க்கடுகு சாஸ்’ என்று மெனுவில் போட்டோம். சாப்பிட்டவர்கள் இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னார்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டவர்களிடம், "ரோசனை பண்ணிட்டே இருந்தேனுங்க, தோணுச்சு," என்பேன். தோணுச்சு. அந்தச் சொல்லுக்கும் எழுவாய் கிடையாது, பாருங்கள். கெட்டபோது அது தானாகக் கெட்டது. நன்றாக வந்தபோது எனக்குத் தோன்றியது.

பதினோரு ஆண்டுகள் அதில் சாப்பிட்டேன். மூட்டுவலி வந்து, விருப்ப ஓய்வு வாங்கி, வீட்டில் உட்கார்ந்து, கறியைக் கருக்கி, மாடிவீட்டுக்காரரின் வாளிக்கு முன்னால் ‘கருகிப்போச்சு’ என்று சொன்னபோதுதான் காதில் விழுந்தது. அன்று இரவு மனைவியிடம் முழுவதையும் சொன்னேன். அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"இதை எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? என்ற வேலையா போச்சு?"

ஸ்டெல்லாவின் எண்ணை ஒரு பழைய சகாவிடம் வாங்கினேன். மேட்டுப்பாளையத்தில் ஒரு பள்ளி ஹாஸ்டலில் சமையல் பார்க்கிறார் என்று தெரிந்தது. போன் செய்து, வீட்டுக்கு வந்து ஸ்டேக் செய்து தருகிறேன் என்றேன். ஏன் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை சர்ச்சு முடிஞ்சு மத்தியானம் வாங்க. நீங்க பாட்டுக்கு ஆட்டுக்கறி தூக்கிட்டு வராதீங்க. நம்மூட்டுல மாட்டுக்கறி அண்டர்கட்டே வாங்கி வெச்சர்றேன்."

காந்திபுரத்தில் பஸ் ஏறினேன். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் என் இரும்புச் சட்டியும், மூன்று நாள் ஊறிய கடுகு ஒரு பாட்டிலிலும். சட்டியின் கனத்தில் தொடை மரத்துப்போயிற்று. வழியெல்லாம் வாக்கியத்தை ஒத்திகை பார்த்தேன். பெரியநாயக்கன்பாளையம் தாண்டும்போது அது மிக அழகாக அமைந்துவிட்டது. இரண்டு உருவகங்கள்கூட இருந்தன.

ஸ்டெல்லாவின் வீடு சிறியது, சுத்தமானது. தலை நரைத்திருந்தது. கண் அப்படியே இருந்தது. கறியைத் துடைத்துத் தட்டில் தயாராக வைத்திருந்தார். நான் சட்டியைக் காயவைத்தேன், இந்தமுறை புத்தகம் இல்லாமல். கறி நன்றாகச் சிவந்தது. ஆறவிட்டேன். சாஸைச் செய்து, அடுப்பை அணைத்து, கடுகைக் கலந்து, ஊற்றி, தட்டை அவர் முன்னால் வைத்தேன். அவர் ஒரு வாய் எடுத்தார்.

உருவகங்கள் இரண்டும் மறந்துவிட்டன. "அன்னைக்குச் சாஸக் கெடுத்துப்போட்டது நான்தான் ஸ்டெல்லா," என்றேன்.

"தெரியுமுங்க. பக்கத்துலதான நின்னேன்?"

"மேனேஜர்கிட்ட நான் சொல்லலை."

"அதுந் தெரியும். அங்கயும் பக்கத்துலதான் நின்னேன்." மென்றுகொண்டே சொன்னார். "அந்தத் தொட்டியில ஒரு மீனு இருந்துச்சுல்லங்க? நீங்க சொல்லுவீங்க சொல்லுவீங்கன்னு அதைப் பாத்துட்டு நின்னேன். ஒம்பது சுத்து சுத்துச்சு. அப்பறம் அவரு போகச் சொல்லிட்டாரு."

பன்னிரண்டு ஆண்டு கழித்து ஒரு மனிதன் சொல்லக்கூடிய எதுவும் ஒன்பது சுற்றுக்குள் அடங்காது.

"நீங்க ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். அவரை நான் ‘நீங்க’ என்று கூப்பிட்டது அதுதான் முதல்முறை. கேள்வி கேட்கிற தகுதி எனக்கு இருந்ததா என்பது வேறு.

"அரைச்சதுன்னு சொன்னேன். யாரு அரைச்சதுன்னு சொல்லலை. மரியாதை." அந்தச் சொல்லைச் சொல்லும்போது சிரித்தார். "இப்பெல்லாம் ஹாஸ்டல்ல சாம்பார் தீஞ்சுபோச்சுன்னு யாராச்சும் வந்தா, யாரு தீச்சதுன்னு கேப்பேன். மொதல்ல அழுவாங்க. அப்பறம் பழகிக்குவாங்க."

இன்னொரு வாய் எடுத்தார். தட்டைக் கொஞ்சம் சாய்த்து சாஸைப் பார்த்தார்.

"மூணு நாள் ஊற வெச்சீங்களா?"

"ஆமா."

"ஏனுங்கண்ணா, இது ஊறுகாய் இல்லீங்களே?"

பன்னிரண்டு ஆண்டு ஊறிய வாக்கியம். கசப்பு அடங்கியிருக்கும் என்று நினைத்திருந்தேன்.

தொகுப்புக்குச் செய்முறை கேட்கிறார்கள், அதில் உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன்.

"பேரப் போட்டு இப்ப என்ன ஆகப்போவுது? அந்த மாடியவா எனக்குத் தரப்போறாங்க?" தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "போடுங்க. ஆனா போடறதுன்னா முழுசாப் போடோணும். ‘நன்றி ஸ்டெல்லா’ன்னு கடைசியில துளியூண்டு எழுத்துல போட்டுராதீங்க. ஸ்டெல்லா சொன்னா, நான் கேக்கலை, கெடுத்துப்போட்டேன், அவ வேலை போச்சு, அப்பறம் அவ சொன்னதையே செஞ்சு நான் பேரு வாங்கிட்டேன். இதுதானுங்க செய்முறை. இதைப் போடுவீங்களா?"

போடுகிறேன் என்றேன். ஒரு பக்கம் கேட்டார்கள். இத்தனை பக்கமானதற்கு இதுதான் காரணம். பதிப்பாசிரியர் மன்னிக்கவும்.

இன்னொரு துண்டு வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"நல்லா இருக்குதுங்க," என்றார் ஸ்டெல்லா. "போதுங்க."

தட்டில் முக்கால் பாகம் இருந்தது. சாஸ் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது, நான் சட்டியிலிருந்து வழித்துப் பார்த்தேன். அவருக்குப் போதும் என்று தோன்றியது சாஸா, நானா என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. வாசல்வரை வந்து வழியனுப்பினார். ‘வாரேனுங்க’ என்றேன். ‘வாங்க’ என்று சொல்லவேண்டியது மரபு. "பஸ்ஸு ரோட்டுக்கு அக்கட்டால நிக்குமுங்க," என்றார்.

உங்களில் சிலருக்கு இப்போது ஒரு நிம்மதி வந்திருக்கும். ஒப்புக்கொண்டுவிட்டார், மனிதர் திருந்திவிட்டார் என்று. எனக்கும் பஸ்ஸில் அப்படித்தான் இருந்தது. மடி லேசாக இருந்தது. அது மனசாட்சி லேசானதால் என்று நினைத்து, காரமடைவரை ஜன்னல் காற்றை அனுபவித்துக்கொண்டு வந்தேன். அப்புறம்தான் பையைத் தொட்டுப் பார்த்தேன். சட்டி இல்லை.

மறுநாள் போன் செய்தேன். நேற்று எல்லாம் திருப்தியாக இருந்தது, இதைத்தான் பல வருடமாகச் சொல்ல நினைத்திருந்தேன் என்றெல்லாம் பேசிவிட்டு, கடைசியாக விஷயத்துக்கு வந்தேன்.

"அம்மணி, என்ற சட்டி அங்கயே நின்னுபோச்சுங்க போல."

அந்தப் பக்கம் ஹாஸ்டல் பிள்ளைகளின் தட்டுச் சத்தம் கேட்டது.

"அது நின்னெல்லாம் போகலீங்கண்ணா," என்றார் ஸ்டெல்லா. "நீங்கதான் உட்டுப்போட்டுப் போயிட்டீங்க."